இன்னும் எத்தனை தடவை?

மிங்கலாடோனில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். திங்கள், வியாழன். மூன்று மாதம் ஒழுங்காகப் போய்வந்தார். ஏப்ரல் விடுமுறைக்கு நான் சிங்கப்பூரிலிருந்து போயிருந்தபோது, சாயங்காலம் வாசல் பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நீ படிச்ச பிள்ளை. மறைக்காம சொல்லு. இன்னும் எத்தனை தடவை போனா இது முடியும்?"

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன் பெரியப்பா" என்றேன். பொய். எனக்குப் பதில் தெரியும். வீட்டில் எல்லாருக்குமே தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. "முப்பது தடவை ரத்தத்தைக் கழுவிட்டா கிட்னி பழையபடி ஓடும்" என்று பெரியம்மா முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துவிட்டார். அவர் மனம் உடைந்துவிடக் கூடாதே என்று சொன்ன பொய். சிங்கப்பூரிலிருந்து வாராவாரம் போனில் பேசிய நானும் அதற்கு உடந்தை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பதினாறு, பதினெட்டு வயதுக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். கிட்னி விஷயம் உங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம்மைப் போன்ற வீடுகளில் ஆங்கில ரிப்போர்ட்டைப் படிப்பது யார்? நர்ஸிடம் பர்மிய மொழியில் விவரமாகப் பேசுவது யார்? மாத்திரைப் பெயரை போனில் தேடிப் பார்ப்பது யார்? நீங்கள்தானே. பெரியப்பா வீட்டில் அந்த வேலையைச் செய்வது அக்கா மகள். அவளுக்குப் பதினேழு வயது. "பெரியவங்க சொல்லக் கூடாதுன்னுட்டாங்க மாமா" என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு அங்கே என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதை முழுதாகச் சொல்லிவிட வேண்டும். வயதானவர், பயப்படுவார் என்று மறைப்பது அவருக்கே கெடுதல். இது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த எந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். நான் எம்.எஸ். படித்தது எஞ்சினியரிங், இப்போது பிழைப்பு சர்வர்களோடு. எந்திரம் என்றால் என்னால் சும்மா கடந்துபோக முடியாது.

நல்ல நிலையில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. ஞாயிறு லீவு கிடையாது. வாரத்துக்கு 168 மணி நேர வேலை. டயாலிசிஸ் எந்திரம் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்றால் 12 மணி நேரம். பெரியப்பாவைப் போல இரண்டு முறை என்றால் 8 மணி நேரம். 168 மணி நேர வேலையை 8 மணி நேரத்தில் செய்யச் சொல்கிறோம். முழுக்கச் செய்ய முடியாது. உயிரைப் பிடித்துவைக்கும் அளவுக்குச் செய்கிறது. கழிவை எடுக்கும், கூடுதல் தண்ணீரை எடுக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கெட்டுப்போன சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. பாம்புக்கடி, கடும் வயிற்றுப்போக்கு மாதிரி திடீரென்று சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குச் சில வாரங்களில் அது தானாகத் தேறி, டயாலிசிஸை நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு. பெரியப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. அது வேறு கணக்கு.

இந்த எந்திரத்தை முதலில் செய்தவர் வில்லம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943இல், ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்துவைத்திருந்த நேரத்தில், காம்பன் என்ற சிற்றூரில் செய்தார். கிடைத்த பொருளையெல்லாம் பயன்படுத்தினார். வடிகட்டும் சவ்வுக்கு சாசேஜ் சுற்றும் செலோஃபேன் தாள், அதைச் சுற்றிவைக்க ஒரு மர உருளை. முதல் இரண்டு வருடத்தில் அவர் சிகிச்சை கொடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்துபோனார்கள். 1945இல்தான் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அத்தனை சாவுக்குப் பிறகும் ஒருவர் அந்த உருளையைத் திரும்பச் சுற்றவிட்டிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

பெரியப்பாவோடு ஒரு திங்கட்கிழமை நானும் போனேன். ஏர்போர்ட்டைத் தாண்டிப் பியே ரோட்டில் டாக்சி போகும்போதே அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். மையத்தில் நுழைந்ததும் எடை பார்க்கிறார்கள். அந்த எடைதான் அன்றைய நாளின் முக்கியமான எண். 'உலர் எடை' என்று ஒன்று இருக்கிறது: உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை. அன்று அவர் அதைவிட மூன்றரைக் கிலோ கூட. நாலு நாளில் சேர்ந்த தண்ணீர். அப்புறம் ரத்த அழுத்தம், காய்ச்சல் இருக்கிறதா என்ற சோதனை. பிறகு இடது கையில் இரண்டு ஊசிகள். சாதாரண ஊசியல்ல, தடிமனானவை. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. குழாயில் உறையாமல் இருக்க ஹெப்பாரின். ஒரு நேரத்தில் உடம்புக்கு வெளியே இருப்பது ஒரு டம்ளர் ரத்தம்தான். அக்கா மகள் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சிவப்புக் குழாய்களைப் பயமில்லாமல் பார்க்கிறாள்.

முதல் இரண்டு மணி நேரம் அமைதி. மூன்றாவது மணி நேரத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பிறகு வியர்த்து, கண் சொருகியது. அழுத்தம் இறங்கிவிட்டது. அங்கே 'சயாமா' என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ் அம்மா பதறவே இல்லை. தலைப்பக்கம் தாழ்த்தி, தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சலைன் விட்டார். பத்து நிமிடத்தில் சரியானார். நான்தான் நடுங்கிக்கொண்டு நின்றேன். இரண்டு சிகிச்சைக்கு நடுவில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறதோ அவ்வளவு வேகமாக எடுக்க வேண்டிவரும். வேகம் கூடினால் இப்படித்தான் ஆகும். முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்று முழுக்கக் களைப்பு. பேச்சுக் கொடுக்காதீர்கள், தூங்கவிடுங்கள். மறுநாள் ஆள் தெளிவாக இருப்பார்.

கைக்கு வருகிறேன். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் தமனியையும் சிரையையும் சிறு அறுவையில் இணைத்துவைப்பதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி. இன்றும் அதைவிட நல்லது வரவில்லை. அது பக்குவப்பட ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். நம் ஆட்கள் மூச்சு முட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அப்போது கழுத்தில் குழாய் போடுவதைத் தவிர வழியில்லை. அதில் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். முன்கூட்டியே டாக்டர் கை அறுவை பற்றிப் பேசினால் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கையில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஒரு அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு இல்லையென்றால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள். காலையில் தொட்டுப் பார்க்கும் வேலை எங்கள் வீட்டில் அக்கா மகளுடையது.

இனி யாரும் கேட்காத இரண்டு கேள்விகள். முதலாவது தண்ணீர். ஒரு சிகிச்சைக்கு 120 லிட்டர் சுத்தமான நீர் அந்தச் சவ்வின் மறுபக்கத்தில் ஓடுகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் குடல் வழியாகப் போகிறது. இது மெல்லிய சவ்வு ஒன்றைத் தாண்டினால் ரத்தம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு மையத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத ஏரித்தண்ணீரில் பாசி நஞ்சு இருந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். யாங்கோனில் ஏரி நீரும் ஆழ்குழாய் நீரும் கலந்துதான் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் மையத்தில் ஆர்.ஓ. நீரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பெரியப்பா போகும் இடத்தில் நான் கேட்டேன். சயாமா ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். சந்தோஷமாக இருந்தது. வேறொரு இடத்தில் போன் செய்து கேட்டபோது வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது கரண்ட். யாங்கோன் மின்வெட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயாலிசிஸ் எந்திரத்துக்குள் பேட்டரி இருக்கும். சில நிமிடங்கள் ரத்த பம்பை மட்டும் ஓட்டும். அதுவும் தீர்ந்தால் பம்பில் ஒரு கைப்பிடி இருக்கிறது, கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் கரண்ட் போனால் ரத்தம் வெளியே நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் அன்றைய சிகிச்சை பாதியில் நின்றுவிடும். ஜெனரேட்டர் இருக்கிறதா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, பாதியில் நின்றால் மிச்ச நேரத்தை என்றைக்குத் தருவீர்கள் என்று கேளுங்கள். எங்கள் கம்பெனியில் ஒரு சர்வர் வாங்குவதற்கு முன் நாற்பது கேள்வி கேட்கிறோம். பெரியப்பாவைப் படுக்கவைக்கும் முன் எங்கள் குடும்பம் கேட்டது ஒன்றே ஒன்று: எவ்வளவு ஆகும்?

அந்த ஒன்றை நான் குறைத்துப் பேசவில்லை. மூன்று முறை செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததை இரண்டாக்கியது பணம்தான். மருந்து, ஊசி, டாக்சி எல்லாம் சேர்ந்து வருகிறது. ரத்தசோகைக்குப் போடும் எரித்ரோபொய்டின் ஊசி தனிச் செலவு. இரண்டே முறை என்றால் நடுவில் மூன்று, நாலு நாள் இடைவெளி. நீண்ட இடைவெளியின் கடைசி நாள்தான் இருதயத்துக்கு மிகவும் மோசமான நாள். கொஞ்சமாவது சிறுநீர் போய்க்கொண்டிருப்பவர்களுக்குச் சிலசமயம் இரண்டு முறையே போதும் என்று டாக்டரே சொல்வதுண்டு. அதை முடிவுசெய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 1960இல்தான் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் நிரந்தர நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதற்குப் பிறகு 11 வருடம் இருந்தார். ஆனால் எந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய ஊர்க்காரர்கள் ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். வேலை, குடும்பம், சர்ச்சுக்குப் போகும் பழக்கம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1962இல் பத்திரிகையில் வெளிவந்ததும் நாடே அதிர்ந்தது. 1972இல் அரசே செலவை ஏற்கச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைக்கிறது. சென்னையில் 1993இல் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மையங்கள் நடத்துகிறது. சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு மையம் இருக்கிறது. லிஃப்டுக்குப் போகும் வழியில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன், ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. மிங்கலாடோனில் அந்த ஏழு பேர் குழுவின் வேலையைக் குடும்பம்தான் செய்கிறது. பெரியப்பாவுக்கு மூன்றா இரண்டா என்று சமையலறையில் உட்கார்ந்து முடிவுசெய்தோம். அவரைக் கூப்பிடவே இல்லை.

வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் முறையும் இருக்கிறது. நாளுக்கு நாலு தடவை, பை மாற்ற வேண்டும். கரண்ட் வேண்டாம், டாக்சி வேண்டாம். தாய்லாந்து 2008இல் அதைத்தான் முதல் வழியாக வைத்தது. பை தொடர்ந்து கிடைக்க வேண்டும், கை சுத்தம் கடுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும். எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் மின்வெட்டு ஊரில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.

பெரியப்பா எம்.ஜி.ஆர். ரசிகர். "தலைவருக்கு அமெரிக்காவுல கிட்னி வச்சாங்களே" என்பார். உண்மைதான். 1984 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் மாற்றினார்கள். அண்ணன் மகள் லீலாவதி கொடுத்தார். மூன்று வருடம் முதலமைச்சராகவே இருந்து 1987 டிசம்பரில் இறந்தார். எழுபதைத் தாண்டிய, இருதயம் தளர்ந்த பெரியப்பாவுக்கு மாற்று அறுவை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டில் வயது குறைந்தவர் என்றால் முதல் மாதமே அந்தப் பேச்சை எடுங்கள்.

சரி, அந்த பெஞ்சுக்கு வருகிறேன்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவரிடம் சொல்லிவிட்டேன். "இது முடியாது பெரியப்பா. கிட்னி திரும்ப வராது. இருக்கிறவரைக்கும் போகணும்."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். "மூணு மாசமா என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கி வச்சிருந்தீங்களாடி?" அந்த வியாழக்கிழமை போக மறுத்துவிட்டார். கெஞ்சினோம். கதவைச் சாத்திக்கொண்டார். ஞாயிறு ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். நுரையீரலில் தண்ணீர். விடியும் முன் கொண்டுபோனோம். நல்லவேளையாக ஒரு படுக்கை காலியாக இருந்தது. அந்த ராத்திரி முழுக்கப் பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னதால்தான் இது என்றால் அதை நான் மறுக்க மாட்டேன். முதல் வாரமே டாக்டரை வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டியதை, மூன்று மாதம் கழித்து, ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் பெஞ்சில் வைத்துச் சொன்னது தப்பு.

ஆனால் அதற்குப் பிறகு அவரே சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மூன்று மாதமாகத் தெரு முனையில் தினம் ஒரு இளநீர் குடித்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னார்கள் என்று வாழைத்தண்டுச் சாறு வேறு. கிட்னிக்கு நல்லதாம். பொட்டாசியத்தை வெளியேற்ற வழியில்லாதவருக்கு இரண்டுமே ஆபத்து. அளவு கூடினால் இருதயம் நின்றுவிடும். சோற்றோடு ஙாப்பி இல்லாத வேளை கிடையாது. அதன் உப்பு தாகத்தைக் கூட்ட, தாகம் தண்ணீரைக் கூட்ட, அதுதான் திங்கட்கிழமை மூன்றரைக் கிலோ. "எப்படியும் கழுவி எடுத்துடுறாங்க, இன்னும் கொஞ்ச தடவைதானேன்னு நினைச்சேன்" என்றார். பொய் சொன்னவர்கள் நாங்கள். அந்தப் பொய்யை நம்பி நடந்தவர் அவர். எட்டு மணி நேரம் எந்திரம் பார்த்துக்கொள்கிறது. மிச்சம் 160 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரிடம் விஷயத்தையே சொல்லாமல் வைத்திருந்தோம்.

கொல்லையில் ஒரு தம்பரத்த மரம் நிற்கிறது. விளிம்பு விளிம்பாக, வெட்டினால் நட்சத்திரம்போல் இருக்குமே, அந்தப் பழம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். உங்கள் வீட்டு மரத்தில் இருந்தால் தாத்தா பாட்டி கையில் கொடுத்துவிடாதீர்கள். பெரியப்பா மரத்தை வெட்ட வேண்டாம் என்கிறார். பிள்ளைகள் தின்னட்டுமாம்.

நானும் திரும்பி வந்ததும் ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்தேன். அப்பாவுக்கும் பார்க்கவைத்தேன். அப்பாவுக்குப் புரதம் லேசாக இருக்கிறது. இந்தக் கட்டத்தில் மருந்தால் மெதுவாக்க முடியும் என்றார் டாக்டர். பெரியப்பாவுக்குப் பத்து வருடத்துக்கு முன் இதே சோதனையை யாராவது செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது பெரியப்பா ஒரு பழைய கணக்கு நோட்டில் தினமும் எடையை எழுதுகிறார். அக்கா மகள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள். போன வாரம் திங்கட்கிழமை இரண்டு கிலோ நூறு கிராம்தான் கூட. மூன்றாவது நாளுக்கான செலவை சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் மூன்று பேர் பங்குபோட்டுத் தருகிறோம் என்றோம். ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணத்தில் பேத்தியைப் படிக்கவைக்கச் சொல்கிறார். பேத்தி, தாத்தா மூன்று நாள் போனால்தான் படிப்பேன் என்கிறாள். சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை சமையலறையில் நடக்கவில்லை. அவர் முன்னாலேயே நடக்கிறது. நேற்று ராத்திரி போன் செய்து, எந்திரத்துக்குள் இருக்கும் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டார். சயாமாவிடம் கேட்கச் சொன்னேன். வியாழக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறாராம்.